மல்லிகைப் பெட்டியும் ஒரு ஷரத்தும்

அன்பு மகள் டெய்சிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், உன் இருமல் விட்டதா என்று முதலில் சொல். அப்பா முழங்கால் வலியோடு நம் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு வந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்கிறார், அதனால் நன்றாக இருக்கிறார் என்று வைத்துக்கொள். உன் தங்கை நான்சி கார் ஓட்டப் பழகுகிறாள், காம்பவுண்டுச் சுவரை ஒரு தடவை இடித்தாகிவிட்டது.

நீ அனுப்பிய ஒப்பந்தத்தைப் படித்தேன். உன் நெதர்லாந்து ஆராய்ச்சி நிலையம், வெளிநாட்டுக்கு மொட்டு வாடாமல் அனுப்ப நாம் செய்கிற மல்லிகைப் பெட்டியை மேம்படுத்தித் தரும், ஆனால் நாம் வேறு யாரோடும் சேர்ந்து ஆராய்ச்சி செய்யக் கூடாது என்று ஒரு ஷரத்து. இது முடிந்தால் உன் வேலை நிரந்தரமாகும் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற மனசு உடனே கையெழுத்துப் போடச் சொல்கிறது. ஆனால் போன வருஷம் நடந்ததை நீ முழுசாகக் கேட்டதில்லை. அப்போது ஒரு கல்லூரி, ஒரு பரிசோதனைக்கூடம், ஒரு ஆலோசகர் என்று மூன்று கூட்டாளிகள் இருப்பதாகப் பெருமையடித்துக்கொண்டோம். மூன்றிலும் இருந்தது உன் சித்தப்பா ராயப்பராஜும் அவர் மாணவர்களும்தான். அவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பெட்டி எல்லாச் சோதனையிலும் தேறியது, துபாய்க்கு அனுப்பித் திறந்தால் மொட்டெல்லாம் விரிந்து பழுப்பாகிக் கிடந்தது. சித்தப்பா கெட்டிக்காரர்தான், மறுத்துப் பேசத்தான் அங்கே ஆளில்லை.

இப்போது அவரோடு நிலக்கோட்டைப் பூ வியாபாரி பாஸிலா, கூலிங் லாரி வைத்திருக்கும் முத்துக்கிருஷ்ணன், செம்பட்டியில் நமக்குப் போட்டியாக அட்டைப்பெட்டி செய்கிற கருப்பணன் எல்லாரும் வருகிறார்கள். போட்டிக்காரனைக் கூட்டியாந்து நடுவீட்டுல உக்கார வைக்கிறியே, கிறுக்கா உனக்கு என்று கேட்டுவிட்டு அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். முதல் கூட்டம் சந்தைக்கடைதான். பெட்டியை இறுக்கி மூடணும் என்றார் சித்தப்பா. அம்புட்டையும் மூடுனா பூ வெந்துரும் சார், ஓட்டை வேணும் என்றாள் பாஸிலா. ஓட்டை போட்டு அடுக்குனா கீழ்ப்பெட்டி நசுங்கும், கெட்ட பேரு எனக்குத்தான் என்றார் முத்துக்கிருஷ்ணன். மூலையை விட்டுட்டுப் பக்கவாட்டுல நேருக்கு நேரா ஓட்டை போட்டுப் பாப்பமே என்றார் கருப்பணன். சித்தப்பா எத்தனை ஓட்டை, எவ்வளவு அகலம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார், பாஸிலா அதிலும் குறை சொன்னாள், மறுபடி மாற்றினோம். போன வாரம் அதே துபாயில் பெட்டியைத் திறந்தபோது மொட்டு மொட்டாகவே இருந்ததாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா கருப்பணனுக்குத் தானே போய்க் காபி கொடுத்தார். விதவிதமான ஆட்கள் சேர்ந்தால் சண்டை கூடும், வேலை இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சரக்கு தரமாக வருகிறது.

கையெழுத்துப் போட்டால் இவர்களையெல்லாம் விட்டுவிட வேண்டும், அதனால் போடவில்லை, தங்கம். அந்த ஒரு ஷரத்தை எடுக்கச் சொல், அன்றைக்கே போடுகிறேன். பூவைக் குளிரில் காப்பது பற்றி உங்கள் நிலையத்து ஆட்களுக்குத் தெரிந்தது இங்கே யாருக்கும் தெரியாது, அவர்களும் வந்து இவர்களோடு மல்லுக்கட்டட்டும். அம்மா பிடிவாதக்காரி என்று பழியை என் மேல் போட்டுவிடு. அவர்கள் சம்மதிப்பார்கள் என்றுதான் என் மனசு சொல்கிறது. சம்மதிக்காவிட்டால் உன்னைவிட எனக்குத்தான் அதிகம் வலிக்கும். ஆனாலும் இந்த வேலையை உன் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தாள் என்று நாளைக்கு ஒருவர் சொல்ல நீ கேட்கக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா புஷ்பமேரி
திண்டுக்கல்