நந்திசேனரும் அப்பாவும்

மே 4, திங்கள்

கண்காட்சிக்கான மொழிபெயர்ப்பு நகரவில்லை. சிரவணபெளகொளா மலைப்பாறையில் ஏழாம் நூற்றாண்டளவில் வெட்டிய கன்னடப் பாட்டு. அழகும் செல்வமும் நில்லாதவை என்று கண்டு, எல்லாம் துறந்து போன நந்திசேனர் என்ற சமண முனிவரைப் பற்றியது. உண்ணாநோன்பிருந்து போனவராம். "இறந்தார்" என்று எழுதினேன். வெட்டினேன். "உயிர் நீத்தார்"? அதுவும் சரியில்லை.

மே 6, புதன்

டயாலிசிஸ் முடிந்து மல்வேர்ன் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அப்பா சொன்னார்: "துர்க்கா, உந்த மெசின் எனக்குக் காணும், போதும். இனி வரமாட்டன்."

சிக்னல் பச்சையானதை நான் காணவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

நிறுத்தினால் ஒரு வாரம், கூடினால் இரண்டு. டொக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதானே சொல்கிறார்?

மே 7

அண்ணா பக்கத்து நகரமான பிறம்ரனிலிருந்து போனில் கத்தினான். "நீதான் உந்தச் சாமியார் கதையளைச் சொல்லி அவற்ற மனத்தைக் கெடுத்தனி!"

அப்பாவுக்கு அந்தப் பாட்டை வாசித்துக் காட்டியது உண்மைதான். தமிழ் சரியாக இருக்கிறதா என்று கேட்கத்தான் — ஐயோ, வாசிச்சிருக்கக் கூடாதோ?

மே 8

இன்று டயாலிசிஸ் நாள். போகவில்லை. அவர் டிவி பார்க்கிறார். நான் கூட்டிய இடத்தையே கூட்டுகிறேன்.

நந்திசேனருக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்தப் பாறையில் என்ன எழுதியிருப்பாள்?

மே 9, சனி

கேட்டேவிட்டேன். "அந்த முனிவரைப் போலச் செய்யப் பாக்கிறீங்களோ அப்பா?"

சிரித்தார். "அவர் பசியை வெண்ட மனிசன். எனக்குப் பசிக்குது பிள்ளை. நாலு வருசமா நீ அளந்து தாறதைத்தான் திண்டு, அளந்து தாற தண்ணியைத்தான் குடிக்கிறன்."

"எங்களுக்குப் பாரமெண்டு நினைச்சோ?"

"பாரமெண்டா முதல் வருசமே நிப்பாட்டியிருப்பன். களைச்சுப் போனன். அவ்வளவுதான்."

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 11

ஆஸ்பத்திரியில் டொக்டர் அப்பாவிடம் தனியே பேசினார். பிறகு என்னையும் அண்ணாவையும் கூப்பிட்டார். அப்பாவின் மனம் தெளிவாக இருக்கிறதாம். முடிவு அவருடையதாம். நோவில்லாமல் பார்த்துக்கொள்வார்களாம்.

அண்ணா எழும்பிப் போய்க் கார் தரிப்பிடத்தில் நின்றான். கண் சிவந்திருந்தது.

"வீட்டை வந்து நில்லு அண்ணா," என்றேன். "சண்டை பிடிக்கிறதெண்டாலும் அங்க வந்து பிடி."

மே 12

"நோன்பிருந்து உயிர் விட்டார்." அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். அது நந்திசேனருடைய கதை, அப்பாவுடையது இல்லை.

மே 13, புதன்

அண்ணா ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தான். பொட்டாசியம் கூடும் என்று இத்தனை காலம் வீட்டுக்குள் விடாத பழம். அவனே தோல் சீவினான், துண்டு துண்டாக வெட்டினான், கோப்பையை நீட்டினான்.

"உது ஆருக்கு? கொட்டையைத் தா," என்றார் அப்பா.

வாங்கிச் சூப்பினார். சாறு முழங்கையால் ஒழுகிப் புதுப் போர்வையில் விழுந்தது. நான் துணி எடுக்க எழும்பினேன்.

"இரு," என்றான் அண்ணா. இன்னொரு பழத்தைச் சீவத் தொடங்கியிருந்தான்.