தொட்டி மரத்துக்குக் குடை

1973 டிசம்பர் 3, திங்கள்

நல்ல வெயில். கடல் காற்றில் துணியெல்லாம் பிசுபிசுப்பு. அரைப்பரீட்சைக் கேள்வித்தாள் பாதி முடிந்தது.

முற்றத்துக் கிறிஸ்மஸ் மரத்தடியில் மறுபடி ஊசி இலைகள். காலையில் பெருக்கினேன், சாயங்காலம் அதே அளவு. மே மாதம் கொடைக்கானலிலிருந்து இவர் பஸ்ஸில் தொட்டியோடு காலுக்கு நடுவே இடுக்கிக் கொண்டுவந்த மரம்.

என் வாய் சும்மா இருந்ததா? பெண்கள் சங்கத்தில் எழுந்து நின்று, "இந்த வருஷம் கோயிலுக்குச் சவுக்குக் கிளை வேண்டாம், எங்க வீட்டு மரம் வரும்" என்றேன். சபைப் போதகர், எங்கள் ஐயர், ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பிலும் வாசித்துவிட்டார். மொட்டை மரத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் என் முகத்தை எங்கே வைப்பேன்?

வாங்க: மைதா, சீனி, முந்திரி, பல்பு.

டிச. 5, புதன்

காற்று. குழாயில் தண்ணீர் இல்லை.

அடிக்கிளை ஒன்று மஞ்சள். உப்புக் காற்று என்கிறார் இவர். கண்ணேறு என்கிறாள் பக்கத்து வீட்டு பிலோமி அக்கா. மாமியார் அத்தை: "மலையில பொறந்தது, இங்கன வெக்கையில என்ன செய்யும் பாவம்!"

நான் சயன்ஸ் டீச்சர். வறட்சி என்று தீர்ப்பு. குடிக்கச் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில் தினம் ஒரு செம்பு, யாருக்கும் தெரியாமல். தெரிந்தால் அத்தை சும்மா விடமாட்டார்.

டிச. 8, சனி

லீவு. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

காபி போடும்போது ஜன்னல் வழியே பார்க்கிறேன். அத்தை முந்தானைக்குள் செம்பை மறைத்துக்கொண்டு போய் மரத்துக்கு ஊற்றினார். ஒன்றும் தெரியாதவர் போல வந்து பைபிளைத் திறந்தார். பிறகு இவர், ஷேவ் பண்ண எடுத்த தண்ணீரில் பாதி. அப்புறம் மதில் மேலாக ஒரு கை, கையில் செம்பு. பிலோமி அக்கா!

ஓடிப்போய்த் தொட்டியைத் தொட்டால் சேறு. குச்சியால் கிளறினேன், அழுகல் வாடை. அடித்துளை அடைத்துக் கிடக்கிறது.

"எல்லாருமா ஊத்துதீங்க?"

அத்தை: "ஏளா, நல்ல தண்ணியத்தான ஊத்துனேன், உப்புத் தண்ணியா ஊத்துனேன்?"

இவர்: "நீ சங்கத்துல பேசிட்டு வந்துட்ட. ஒன் மானம் போயிரக் கூடாதுல்லா."

மதிலுக்கு அந்தப் பக்கம்: "நானும் அதுக்குத்தான் டீச்சர்!"

குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் மூழ்கிச் சாகப்போன ஒரே ஜீவன் எங்கள் மரம்தான். சிரித்துச் சிரித்து வயிறு வலி. கொஞ்சம் அழுகையும் வந்தது. எனக்காக எல்லோரும் தங்கள் பங்குத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்.

டிச. 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சிகிச்சை. மரத்தைத் தொட்டியிலிருந்து சாய்த்து எடுத்தோம். கறுத்து நைந்த வேர்களை வெட்டினேன். துளையைக் குத்தித் திறந்து மேலே ஓட்டுச்சில். மணல் வேண்டும் என்றதும் இவர் சைக்கிளில் கடற்கரைக்குக் கிளம்பினார்! அந்த உப்பு மணல் போதும், மரத்தின் கதை முடிய. வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு ஆற்று மணல் வாங்கி, செம்மண்ணோடு கலந்து வைத்தாயிற்று. இலையில் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்தேன்.

இனி மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். அதுவும் நான் மட்டும். மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள். அத்தை பைபிள் மேல் கை வைக்கப் போனார், தடுத்துவிட்டேன்.

டிச. 15, சனி

இலை கொட்டுவது குறைந்திருக்கிறது. பெருக்கினால் ஒரு பிடிகூட இல்லை. நுனி நல்ல பச்சை. அடிக்கிளை இரண்டு போனது போனதுதான், அங்கே மறுபடி முளைக்காது. கோயிலில் அந்தப் பக்கத்தைச் சுவரோடு வைக்கலாமா என்று ஐயரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எங்க ஐயருக்கும் பின்னால வழுக்கைதான். முன்னால நின்னு பிரசங்கம் பண்ணலையா?"

கேக் மாவு நாளைக்கு.

டிச. 18, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிடித்துக்கொண்டது மழை. வாரம் தவறாமல் மழைக்கு ஜெபம் பண்ணுகிற ஊர். தெருவே வாசலில் நின்று குடமும் அண்டாவும் வைக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தால் முற்றத்தில் அத்தை. தலையிலிருந்து கால்வரை நனைந்து, கையில் குடை. குடை மரத்துக்கு மேல்.

"உள்ள வாங்க அத்தே!"

"தொட்டிய ஒத்தையில தூக்க முடியலளா. சத்தியம் பண்ணிருக்கம்லா, ஒரு சொட்டு விழ விடமாட்டேன். நீ போயி குடத்த வையி!"