மாப்பிள்ளை கட்டிய வேலி

1981 செப்டம்பர் 22, செவ்வாய்

கல்முனைக்குடிக்கு மாப்பிள்ளையாக வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். காற்சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை.

காலையில் பாலப்பம், முட்டை, வாழைப்பழம். தபால் கந்தோரில் வேலை முடிந்து வந்தால் கோழி. கதிரையை விட்டு எழும்பினால் போதும், கதவுச் சீலைக்குப் பின்னால் மாமி தன் மகளிடம் சொல்வது கேட்கும்: "அஸீஸா, மாப்பிள்ளைக்கு என்ன வேணுமாம் எண்டு கேளு." என்னோடு நேரே கதைக்க அவவுக்கு வெட்கம்.

எனக்கு என்ன வேணும்? வீட்டில் செய்ய ஒரு வேலை வேணும் மாமி! அக்கரைப்பற்றில் எங்கள் வாப்பா சும்மா இருக்கிறவனைச் சோற்றுப் பக்கமே விடமாட்டார். நேற்றுக் கிணற்றடிக்கு வாளியோடு போனேன். மாமா வந்து பறித்துவிட்டார். "நீங்க இரிங்க மருமகன், நீங்க இரிங்க."

அன்புதான், தெரிகிறது. ஆனால் விருந்தாளியைத்தானே இப்படி இருத்தி வைப்பார்கள்? பெண் வீட்டுக்கு வந்த எனக்கு இனி இதுதான் வீடு. மௌத்தாகும் வரை இங்கே விருந்தாளியாகவே இருக்கப் போகிறேனா?

செப்டம்பர் 24, வியாழன்

கச்சான் காற்று றோட்டுப் பக்க வேலியைச் சாய்த்துவிட்டது. பின்னிய தென்னோலைக் கிடுகெல்லாம் உக்கி இற்றுவிட்டன. கிணறும் அந்தப் பக்கம்தான். மாமியும் அஸீஸாவும் றோட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, முக்காட்டை இழுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடுகிறார்கள். குளிப்பு இல்லை.

மாமாவுக்கு நாரிப்பிடிப்பு, குனிய முடியாது. வழக்கமாக வேலி கட்டும் பாக்கியராசா நெல் வெட்டுக்குச் சாகாமம் பக்கம் போய்விட்டார். புதுக் கிடுகு முற்றத்தில் குவிந்து கிடக்கிறது.

"நான் கட்டுறன் மாமா" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது. "மருமகனக் கூலிக்கு வெச்சிரிக்கான் ஸைனுலாப்தீன் எண்டு ஊர் கதைக்கவா? ஆள் வரும் வரைக்கும் கிடக்கட்டும்."

செப்டம்பர் 25, வெள்ளி

ஆள் வரவில்லை.

ஜும்ஆ முடிந்து துஆவுக்குக் கையேந்தினேன். யா அல்லாஹ், இந்த வீட்டுக்குப் பறக்கத்தையும் அருளையும் தா. கேட்கும்போதே கை கண்ணில் பட்டது. மை பட்ட ஒரு விரல், மற்றதெல்லாம் மெத்தென்று. சே, கூச்சமாகப் போய்விட்டது! வீட்டு ஆட்களுக்காக உடம்பை வளைப்பதும் இபாதத், இறைவணக்கம்தான் என்று ஓதிப் படித்தவன்தானே நான். தொழாதே என்று யாராவது சொன்னால் விட்டுவிடுவேனா? இதை மட்டும் எப்படி விடுவது?

அஸீஸாவிடம் சொல்லிப் புலம்பினேன். முதலில், "வாப்பா ஏசுவார்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழம சுபஹுத் தொழுதுட்டு வாப்பா ஒரு தூக்கம் போடுவார்" என்றாள்.

என் ராசாத்தி!

செப்டம்பர் 27, ஞாயிறு

கை எரிகிறது. எழுத்துக் கோணலாகத்தான் வரும்.

வேலி கட்ட இரண்டு பேர் வேண்டும் என்பதே இன்றுதான் தெரிந்தது. வெளியே ஒருவர் கயிறு கோத்த குத்தூசியைக் கிடுகுக்குள்ளால் குத்திவிட, உள்ளே நிற்பவர் அதை இழுத்துத் திருப்பிக் குத்தவேண்டும். நான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு றோட்டில், அஸீஸா வளவுக்குள். "இஞ்சாருங்க, என்ட விரலக் குத்திப் போடாதீங்க." "இன்னும் கொஞ்சம் மேல." ஒரே சிரிப்பு. கலியாணம் முடித்து இவ்வளவு நாளில் பகல் வெளிச்சத்தில் நாங்கள் இத்தனை கதை கதைத்ததில்லை.

வெயில் ஏறுவதற்குள் நாலு முழத்துக்குக் கட்டியாயிற்று. அப்போது பார்த்து முன்வீட்டு மனுசி, சுபைறா தாத்தா, வாசலுக்கு வந்தா. "யா அல்லாஹ்! மாப்பிள்ளையெல்லோ வேலி கட்டுறார்!" றோட்டு முழுக்கக் கேட்டது. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

நாரியைப் பிடித்தபடி மாமா வெளியே வந்தார். கூடி நின்றவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆர் உங்களுக்கு மேலேருந்து கீழ கட்டச் சொன்ன?"

எங்கள் வீட்டில் கல் மதில். நான் என்னத்தைக் கண்டேன்? கீழ்வரிசையில் தொடங்கி, மேல்வரிசை அதன்மேல் படிய ஏறிப்போக வேண்டுமாம். நான் தலைகீழாக இறங்கி வந்திருக்கிறேன்.

"மழத்தண்ணி முழுக்க உள்ளுக்கெல்லோ இறங்கும்! ஒரு மாசத்துல உக்கிப் போகும்! படிச்ச மடையன்! அவிழ்டா எல்லாத்தையும்!"

அவிழ்டா! மருமகனும் போய், 'நீங்க'வும் போய், சுத்தமான டா! சுபைறா தாத்தா வாயைப் பொத்திக்கொண்டா. சொன்ன பிறகுதான் மாமாவுக்கே உறைத்திருக்க வேண்டும், அப்படியே நின்றுவிட்டார். "ஓம் மாமா, அவுக்கிறன்" என்று சட்டெனக் குனிந்தேன். நான் சிரிப்பதை அவர் கண்டிருந்தால் இன்னும் ஏசியிருப்பார்.

கதிரையைக் கொண்டுவரச் சொல்லி றோட்டோரம் இருந்துகொண்டார். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும் வரை கட்டளைதான். "இறுக்கு. இன்னும் இறுக்கு. சோறு தின்னாத கையா?" இருபத்தெட்டு நாளாகக் கோழி தின்ற கை!

லுஹருக்குப் பிறகு கையேந்தினேன். கொப்பளம் காந்தியது. இன்று கேட்கக் கூச்சமில்லை. நிறையக் கேட்டேன்.

வேலி முடிந்ததும் மாமி கிணற்றடியில் ஆறுதலாகக் குளித்ததில் சமையல் பிந்திவிட்டது. பருப்பும் கருவாடும். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 28, திங்கள்

கந்தோரில் இராசதுரை: "என்ன காலிதீன், மாமனார் றோட்டில வச்சு ஏசினவராம்?"

"ஓம், நல்லா ஏசினவர்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தப் போய்விட்டார்.

அக்டோபர் 1, வியாழன்

எல்லாம் பழையபடி! "மருமகன், தேத்தண்ணி குடிங்க. மருமகன், நீங்க இரிங்க." என்னை ஏசிவிட்டோமே என்று மாமாவுக்கு நாலு நாளாகத் தூக்கமில்லையாம், அஸீஸா சொல்கிறாள். அட றப்பே, மனிதனின் மனவருத்தம் இப்படியா என் தலையில் விடிய வேண்டும்? இன்று மறுபடியும் கோழி.

அக்டோபர் 18, ஞாயிறு

முதல் மழை. விடிந்ததும் மாமா வேலியோரமாக நடந்து, ஒவ்வொரு கிடுகாகத் தடவிப் பார்த்தார். உள்பக்கம் ஒரு சொட்டு இல்லை. கதிரையில் வந்து இருந்தார்.

பத்து மணியிருக்கும், பாக்கியராசா வந்தார். வெட்டு முடிந்து நேற்றுத்தான் திரும்பினாராம். "வேலிக்கு ஆள் தேடினீங்களாம் முதலாளி. குசினிக் கூரையும் ஒழுகுது போல இருக்கு. கட்டித் தரட்டா?"

நான் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் முற்றத்தில்.

மாமா வேலியை ஒரு தரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "வேணாம் தம்பி. எங்கட வீட்டுல ஆள் இரிக்கி."

தேத்தண்ணி கொடுத்து அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னடா பாத்துக்கிட்டு இரிக்கா? மழ விட்ட நேரத்துல கூரைய முடிக்கணும். போய் ஏணிய எடு."

போனேன். ஏணி எங்கே இருக்கிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை.