கேட்காமல் எடுத்த தீம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. தேயிலைத் தோட்டப் பள்ளி நூலகங்களுக்காக நானும் சிவகுமாரும் இரண்டு வருடமாக எழுதிவரும் மென்பொருளில், அவர் இணையத்திலிருந்து திரையின் முகத்தோற்றத்தையே மாற்றும் ஒரு பச்சை நிறத் தீம் எடுத்துச் சேர்த்திருக்கிறார். எங்கள் உரிமப்படி மென்பொருளை யாரும் மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அந்தத் தீம் விற்பனைக்கு அல்ல என்று அதை வரைந்தவர் உரிமத்தில் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்து வெளியிட முடியாது.

ஹட்டனில் அவருடைய கம்ப்யூட்டர் கடைக்கே போய்க் கேட்டேன்.

"வரைஞ்சவர்கிட்ட அனுமதி கேட்டீங்களா?"

"கேட்டா குடுக்கமாட்டாருன்னுதான் டீச்சர் கேக்கல. யாரு பாக்கப் போறாங்க?"

வரைந்தவர் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை வேறு போட்டிருந்தார். அவர் கண் முன்னாலேயே அந்தத் தீம் முழுவதையும் நீக்கினேன்.

"அந்தப் பழைய மூஞ்சிய நீங்களே வச்சிக்கங்க. நான் சாஃப்ட்வேர எடுத்துக்கிட்டுத் தனியா போறேன்" என்றார்.

போகலாம். தடுக்க எனக்கு வழியில்லை. யாரும் எடுத்துப் போகலாம் என்ற உரிமத்தைப் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். இவருக்கும் அது பொருந்தும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.