தெருப்பக்கம் தாழ்ப்பாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இருபது நாளாக நீ போன் செய்தும் நான் எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம். இப்போது தீர்ந்துவிட்டது, ஆனால் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டு போகிறது, அதுவாவது நான் சொல்வதை முழுசாகக் கேட்கட்டும்.

முன்னறை ஜன்னல் மழைக்கு ஒழுகுகிறது என்று சொன்னேன் அல்லவா. கீழ்ச்சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன், ஊறின ரொட்டிக்குள் இறங்குகிற மாதிரி கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. தச்சரைக் கூப்பிட்டோம். வந்த மனுஷன் எல்லாவற்றையும் அப்பாவிடமே சொன்னார், அப்பா அதை என்னிடம் திருப்பிச் சொன்னார், நான் நின்றதோ அவருக்கு இரண்டடி தூரத்தில். நானே ஒரு கேள்வி கேட்டதும் தொண்டை கிழியக் கத்திப் பதில் சொல்கிறார். கண் தெரியாதவளுக்குக் காதும் கேட்காது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. வந்து பார்த்ததற்கு நன்றி என்று அனுப்பிவிட்டேன். பார்வை போன இந்த ஒன்பது வருஷத்தில் மூன்று கதவு, ஒரு அலமாரி, சமையலறைக் குழாய் எல்லாம் நான்தானே பார்த்துக்கொண்டேன், ஒரு ஜன்னலுக்கு என்ன வந்தது. இரண்டு மெல்லிய மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஜன்னல் திறப்புக்குள் இந்தப் பக்கச் சுவரும் அந்தப் பக்கச் சுவரும் முட்டும்வரை நீட்டி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினேன், அகலத்துக்கு ஒரு ஜோடி, உயரத்துக்கு ஒரு ஜோடி. அதையே கடையில் நீட்டி, இதைவிட அரை விரல் குறைவாக ஒரு ஜன்னல் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் இது எத்தனை அங்குலம் என்று கேட்டார், அது ஜன்னலுக்குத் தெரிந்தால் போதும் என்றேன்.

ஜன்னல் வந்து இறங்கிய காலையில்தான் நீ அப்பாவுக்குப் போன் செய்தாய். நான் பக்கத்து அறையில் இருந்தேன், நீ பேசியது அத்தனையும் கேட்டது. அம்மாவை அவங்க இஷ்டத்துக்கு விடாதீங்கப்பா, ட்ரில்லை எடுத்து ஒளிச்சு வைங்க, கண் இருக்கிறவங்க பேச்சைக் கேட்கச் சொல்லுங்க என்றாய். சுருக்கென்றது. ஆனாலும் மகள் சொல்கிறாளே என்று அன்று ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அதன் பலனைச் சொல்கிறேன் கேள்.

அப்பா தெருவில் நின்று ஜன்னலைத் தாங்கிப் பிடித்தார், நான் உள்ளே நின்றேன். சுற்றிலும் ஆப்பு செருகினேன், நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன், நூலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மேலேயும் ஒரு விரல் போனது, கீழேயும் அதே விரல் போனது, நேராக நிற்கிறது. ஆனால் தாழ்ப்பாள் என் கைக்குத் தட்டுப்படவில்லை. ஏங்க, தாழ்ப்பாளையே காணோமே என்றேன். சரியாகத்தான் இருக்கிறது, உள்பக்கம் என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான், இதோ என் முகத்துக்கு நேராக இருக்கிறது, என் கண்ணால் பார்த்துத்தானே சொல்கிறேன் என்றார். தெருவில் நின்றுகொண்டு. வாய் வரைக்கும் வந்ததை உன் பேச்சுக்காக விழுங்கிக்கொண்டு எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கினேன், இடைவெளியெல்லாம் டப்பாவில் வருகிற, காய்ந்தால் இறுகிப்போகும் நுரையை அடித்து நிரப்பினேன், யானை வந்து முட்டினாலும் அசையாது. அப்பா உள்ளே வந்தார், காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறக்கப் போனார். சட்டத்தை மேலும் கீழும் தடவுகிற சத்தம் கேட்டது. அப்புறம், கோவிச்சுக்காதே, தாழ்ப்பாள் வெளியே இருக்கு என்றார்.

மறுநாளே கழற்றித் திருப்பியிருப்பேன், அந்த நீள ஸ்க்ரூ கையால் வராது, ட்ரில்லைக் காணோம். அதனால் எங்கள் வீட்டு ஜன்னலைத் தெருவே நடத்த ஆரம்பித்தது. முதல் நாள் அப்பாவே வெளியே போய்த் திறந்துவிட்டு வந்தார். எதிர்வீட்டு ரிட்டயர்டு டிராஃபிக் போலீஸ்காரர், நாம் விசில் என்போமே, அவர் அதைப் பார்த்துவிட்டு, நீங்க சிரமப்படாதீங்க என்று அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். காலை ஏழுக்குத் திறப்பு, மாலை ஆறுக்கு அடைப்பு. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கு மழை இலாகா. இதில் முழுசாகத் திறப்பதா ஒருக்களித்து வைப்பதா என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்து மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. என் வீட்டு ஜன்னலுக்கு நான் சமாதானம் பேசப் போனேன், இதில் நீங்க தலையிடாதீங்க என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். நாலாம் நாள் யாரோ ஒரு ஆள் ஜன்னலைத் திறந்து ஒரு பார்சலை உள்ளே நீட்டினார், இது கூரியர் ஆபீஸ் என்று நினைத்திருக்கிறார். அப்பா என்ன செய்திருக்க வேண்டும்? உன் அப்பா முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவர். பார்சலைக் கையில் தூக்கி எடை பார்த்து, விலாசத்தில் வீட்டு நம்பர் இல்லையே என்று அதட்டி, நம்பரை எழுத வைத்து, கூரியர் ஆபீஸ் அடுத்த தெரு என்று வழி சொல்லி அனுப்பினார். அன்றே மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாயிற்று. ஒரு வாரத்தில் வரிசை நிற்கிறது. ஒருவருக்கு மனு எழுத வேண்டும், ஒருவருக்கு பஸ் நேரம், ஒரு அம்மாவுக்கு மருமகளோடு மனஸ்தாபம். விசில் நிஜமாகவே விசிலோடு வந்து வரிசையை ஒழுங்குபடுத்துகிறார்.

ட்ரில் கிடைத்தது. உன் பழைய பள்ளிக்கூடப் பைக்குள், பரண்மேல். கிரீஸ் வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. நடு ஹாலில் கொண்டுவந்து வைத்து, மகள் சொன்னதற்காகவா ஒளித்தீர்கள் என்று கேட்டேன். முதல் நாள் அவ சொன்னதுக்காகத்தான், அப்புறம் அது ஒரு சாக்கு என்றார். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, ஒரு ஆள் என் முன்னால வந்து நின்னு ஒரு விவரம் கேட்டதில்லை, நீ ஜன்னலைத் திருப்பிட்டா யாரும் வரமாட்டாங்க என்றார். சண்டை போடுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று தச்சர் அவரிடம் மட்டும் பேசியபோது எனக்கு எப்படி இருந்தது என்று நானும் அப்போதுதான் சொன்னேன். எனக்கு உறைக்கலையே என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் நுரையைக் கத்தியால் அறுத்தேன், ஸ்க்ரூ எல்லாம் கழற்றினேன், திருப்பி வைத்தேன். இந்தத் தடவை அப்பா பிடித்ததோடு சரி, எதையும் வாசிக்கவில்லை. நான் வேலை முடிக்கிறவரைக்கும் விசில் இரண்டு பைக்கையும் ஒரு தண்ணீர் வண்டியையும் நிறுத்தி வைத்திருந்தார். இப்போது தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது, ஒன்பது மணிக்கு அப்பாவே திறக்கிறார். வரிசை ஒரு ஆள்கூடக் குறையவில்லை. தாழ்ப்பாளுக்காகவா வந்தார்கள், பைத்தியக்கார மனுஷன்.

அன்று சாயங்காலம் விசில் என் முன்னால் வந்து நின்று, என்னிடமே, சாதாரணக் குரலில் கேட்டார். அவர் வீட்டுப் பின்னறை ஜன்னலை நம் தச்சர் இரண்டு தடவை தப்பாக அளந்துவிட்டாராம், நீங்க வந்து குச்சியை வச்சுப் பாருங்களேன் என்றார். வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறேன். அது முடிந்ததும் தையல்காரம்மா வீடு. ஆகையால் நீயும் அப்பாவும் எங்கள் வீட்டுக்கே வந்து இருந்துவிடுங்கள் என்று போன மாசம் நீ கேட்டதற்கு இதுதான் பதில், இந்த வருஷம் முடியாது கண்ணு, வேலை ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் நூறு வயசு ஒற்றுமையாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மறக்காதே. நீ போனில் பேசும்போதெல்லாம் உன் பின்னால் ஒரு ஜன்னல் தடதடக்கிறது, கீழ்க்கீலில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. ஆளைக் கூப்பிடாதே. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார், எது என்று உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
கோபமெல்லாம் தீர்ந்த
உன் அம்மா