டிரம் முன்னால் நின்ற பிள்ளை

2008 ஜூலை 3

ஜெனிபர் டீச்சர் இன்று என் அபிதாவைத் துப்பட்டாவால் பெஞ்சோடு கட்டி வைத்திருக்கிறாள்! மூன்றாம் வகுப்புப் பிள்ளை. கேட்டால், "ஒரு நிமிசம் உக்கார மாட்டேங்குறா. இப்படியே இருந்தா டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்கிறாள். வந்ததே கோபம். துப்பட்டாவை உருவி அவள் மேசையிலேயே விட்டெறிந்தேன்.

வீட்டுக்கு வந்தால் இவர், "எல்லாம் நீ குடுக்குற செல்லம்" என்கிறார். செல்லமாம்! நம் திராட்சைத் தோட்டத்தில் பூச்சிமருந்து கலக்கும் டிரம் முன்னால், குச்சியோடு ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பது யாராம்? அந்த டீச்சர் வந்து பார்க்கட்டும்.

ஜூலை 19

மதுரைக்குப் போனோம். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, கவனம் நிற்காமல் ஓயாமல் ஓடும் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். அபிதாவுக்கு இரத்தம் எடுத்தார்.

"இரும்புல துரு ஏறுற மாதிரி உடம்புக்குள்ளயும் ஒரு கெடுதல் நடக்கும். உடம்பே அதைத் தடுத்துக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தடுப்பு குறைவான்னு பாக்குறோம். காரணம் இதுதான்னு இன்னும் சொல்ல முடியாது. ஆனா வளர்ப்பு காரணம் இல்ல."

கடைசி வரியை இவரைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவத்தில் ஒரு கேள்வி: பிள்ளை பூச்சிமருந்தில் புழங்குவதுண்டா? 'இல்லை' என்று எழுதினேன். மருந்து அடிப்பது இவர்தானே. அவள் கலக்கத்தானே செய்கிறாள்?

ஆகஸ்ட் 9

அந்தக் கெடுதலின் அளவு அபிதாவுக்கு மற்றப் பிள்ளைகளைவிட ரொம்ப அதிகமாம். "மருந்துப் பக்கம் போவாளா?" என்று டாக்டரம்மா மறுபடி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அபிதா முந்திக்கொண்டாள்: "நான்தான் டிரம் கலக்குவேன். எங்கம்மா குச்சி குடுக்கும்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "எதுனால கூடுச்சுன்னு இனிப் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆராய்ச்சியில சேக்க முடியாதும்மா. வைத்தியம் பாப்போம். மொதல்ல அந்தக் குச்சியை வாங்கி வைங்க."

ஆகஸ்ட் 10

ராத்திரியெல்லாம் என்னையே ஏசிக்கொண்டிருந்தேன்: அந்த டீச்சர் துப்பட்டாவால கட்டுனா. நீ? ஏன்டி சொர்ணலதா, ஊரை ஏச மட்டும் உனக்கு வாய் இருக்கு — பிள்ளை ஒரு இடத்துல நிக்கணும்னு விசத்துக்கு முன்னால நிறுத்துனவ நீதானடி!

ஆகஸ்ட் 24

இன்று மருந்து அடித்தோம். நானே கலக்கினேன். கால் மணி நேரத்தில் நெடி ஏறித் தலை சுற்றியது. பக்கத்து வீட்டுப் பூமாரி அக்காவிடம் விட்டு வந்த பிள்ளை மூன்று தடவை ஓடி வந்துவிட்டாள். "ஆத்தா, அங்கனயே நில்லு!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நிற்கவில்லை. ஓடட்டும்.

நாளை டாக்டர் சீட்டோடு ஜெனிபர் டீச்சரைப் பார்க்க வேண்டும். 'இனிமேல் கட்டாதீக' என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், நானும் கட்டித்தான் வைத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும்.