ஒரு சென்டாவோக் கடிதங்கள்

மார்ச் 7, செவ்வாய்

பேருந்து நிறுத்தத்தில் இன்று நல்ல வியாபாரம். ஒன்பதரைக்கே தேங்காய்த் துருவல் தீர்ந்து, தப்பியோக்கா என்கிற மரவள்ளி மாவு அடையில் கடைசிப் பத்தையும் வெறும் பாலாடைக்கட்டி வைத்தே சுட்டேன். மதியம் கைப்பேசியைப் பார்த்தால், வந்த பணத்துக்கு நடுவே ஒரு சென்டாவோ. ஒரே ஒரு சென்டாவோ, ஒரு மிட்டாய்க்குக் கூடக் காணாத காசு! அனுப்பியவர் ஜெனிவால் லின்ஸ். கூடவே ஒரு குறிப்பு: "இன்னும் என் பேரைத்தான் வச்சிருக்கே."

மார்ச் 8

என்னிடம் எந்த வழியிலும் பேசக்கூடாது, முந்நூறு மீட்டருக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் அந்த முன்னாள் புருஷனுக்கு உத்தரவு போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அவன் அழைக்கும் எண், செய்தி அனுப்பும் வழி எல்லாவற்றையும் அடைத்தேன். பணம் வரும் வழியாகப் பேசுவான் என்று யார் கண்டது?

தப்பு என்னுடையதா? வாடிக்கையாளர்கள் கைப்பேசியில் எனக்குப் பணம் அனுப்புவதற்கான சாவியாக என் வரி எண்ணைக் கொடுத்தேன். மருந்துக்கடையில் தள்ளுபடிக்கு, சந்தையில் ரசீதுக்கு என்று போகிற இடமெல்லாம் ஒப்பிக்கிற எண். எங்கள் ரெசிஃபி ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பதினோரு வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அது மனப்பாடம். அதைத் தட்டினால் போதும், ஜுசிலெய்டி லின்ஸ் என்று முழுப் பெயரும் அவன் திரையில் வருகிறது. விவாகரத்தில் அந்த லின்ஸையும் வெட்டி எறிந்திருக்கலாம். அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

மார்ச் 9, வியாழன்

வங்கிக்குப் போனேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பையன்.

"பணம் வருதுன்னு புகார் சொல்ல வந்த மொத ஆள் நீங்கதான் மேடம்."

"தம்பி, அது பணம் இல்ல. மிரட்டல்."

"வர்ற பணத்தத் தடுக்க எங்க செயலியில வசதி இல்லையே. வேணும்னா சாவிய மாத்திக்குங்க."

சரி என்றேன். மாற்றுவதற்கு நான் நான்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். அடையாள அட்டை, முன்பக்கம், பின்பக்கம். முகத்தை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு. வெளிச்சம் போதாது. மறுபடியும் முயலவும். வீட்டு விலாசத்துக்கு ஆதாரம் கொண்டு வா. அவன் கையில் போகக்கூடாது என்று நான் ஒளித்து வைத்திருக்கிற ஒரே விஷயம் அந்த விலாசம்தான். அதை யாரென்றே தெரியாத கணினிக்குள் போடச் சொல்கிறார்கள். என் பெயரைக் கண்டவனுக்கெல்லாம் காட்டியபோது இந்தக் கெடுபிடி எங்கே போயிருந்தது?

மார்ச் 14

வேறு வழியில்லாமல் கொடுத்த விலாசம் இன்னும் "பரிசீலனையில்" இருக்கிறதாம். பழைய சாவி அப்படியே.

ஒரு சென்டாவோ: "சிவப்புக் குடை எடுப்பா இருக்கு."

என் வண்டிக் குடை. பார்த்திருக்கிறான். எங்கே நின்று பார்த்தான்?

மார்ச் 15

போகவில்லை.

மார்ச் 16

போகவில்லை. ஊறவைத்த மாவு புளித்துவிட்டது.

மார்ச் 27, திங்கள்

என் வண்டிக்குப் பக்கத்தில் காப்பி விற்கிற ஸுல்மா அக்கா வீடு தேடி வந்துவிட்டாள். நடந்ததெல்லாம் சொன்னேன். கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். மொத்தம் முப்பத்தொரு குறிப்புகள்.

"அடியே, மூளைய அடகு வச்சிட்டியா? இதக் கையில வச்சுக்கிட்டா வீட்டுக்குள்ள அழுதுட்டு இருக்கே? கெளம்பு!"

பெண்கள் காவல் நிலையத்துக்கு அவளேதான் இழுத்துக்கொண்டு போனாள். அதிகாரி மார்லுசி ஒவ்வொரு ரசீதாகப் படித்தார். பாதியில் நிமிர்ந்து, "இவன் இவ்வளவு மடையனாம்மா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"வேற நம்பர்லேருந்து கூப்பிட்டா நான் இல்லம்பான். இது அவன் கணக்கு. வரி எண் குடுத்து, மூஞ்சியக் காட்டித் தொறந்தது. தேதி இருக்கு, மணி இருக்கு. உத்தரவ மீறினேன்னு முப்பத்தோரு தடவ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான்."

ஸுல்மா அக்கா மேசையைத் தட்டினாள். எனக்கு அழுகைதான் வந்தது. ஆத்திரமும். என்னை அவனிடம் காட்டிக்கொடுத்ததே இப்போது அவனையும் காட்டிக்கொடுக்கிறதாம். இதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டுமோ?

ஏப்ரல் 19, புதன்

விசாரணை. "நான் பேசவே இல்லைங்க, பணம்தான் அனுப்பினேன்" என்றான் ஜெனிவால். நீதிபதி, அந்த அம்மாள், எழுத்தரைப் பார்த்து எல்லாவற்றையும் உரக்க வாசிக்கச் சொன்னார். பெயர், தேதி, மணி, ஒரு சென்டாவோ, குறிப்பு. பெயர், தேதி, மணி, ஒரு சென்டாவோ. பத்தாவதிலேயே அவன் தலை தொங்கிவிட்டது. முப்பத்தொன்றையும் வாசிக்கவைத்தார்.

அவன் கணுக்காலில் கருவி பூட்டிவிட்டார்கள். இனி அவன் எங்கே நின்றாலும் காவல் நிலையத்துக்குத் தெரியும்.

ஜூன் 23, வெள்ளி

பதிவு அலுவலகத்திலிருந்து புது அடையாள அட்டை வந்துவிட்டது. ஜுசிலெய்டி பெசேர்ரா. என் அம்மா வீட்டுப் பெயர், லின்ஸ் இல்லை.

வங்கிச் செயலி உடனே தகராறு: பெயர் பொருந்தவில்லை, முகத்தைக் காட்டவும். காட்டினேன். நிராகரிப்பு. மறுபடி காட்டினேன். நிராகரிப்பு. காரணம் என்னவென்று பார்த்தால், "படத்தில் சிரிக்கக் கூடாது" என்கிறது.

நாலு தடவை முயன்றுவிட்டேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.